வெறுந்தொட்டியர் குடியேற்றிய ஆக்கள்

மொன்றியலுக்கு வந்த நம்மாட்கள் எல்லோரும் யாரையாவது ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் தம்பியை, இன்னொருவர் மச்சாளை, கெட்டிக்காரர் என்றால் மாமியார் வீட்டையே. ஆனால் ஒரு பேப்பரும் நிரப்பாமல், ஒரு லோயரும் வைக்காமல், கோடிக்கணக்கான பேரை ஒரே பேஸ்மென்றில் குடியேற்றியவர் இந்த நகரத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வெறுந்தொட்டியர்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்று மாடிக் கட்டடத்துக்கு அடியில், பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக இருந்த வீட்டில் அவர் தனியே இருந்தார். சொந்தப் பெயர் தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதைத் தபால்காரர் மட்டும்தான் பாவித்தார். வீடு முழுக்க மீன்தொட்டி. ஒன்றிலும் மீன் கிடையாது. தண்ணீர், அதன் மூலையில் ஒரு கறுப்புப் பஞ்சு, பஞ்சு வழியாகத் தண்ணீரை இழுத்துத் துப்பும் ஒரு மோட்டர். அவ்வளவுதான். காலையில் அந்த வெறும் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை மீன்சாப்பாடு தூவி, "சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் தன்னுடைய தேத்தண்ணியைக் குடிப்பார்.

ஆள் நெடுவல். துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையில் கனகாலம் ஷிஃப்ட் வேலை செய்தவர். வலது சட்டைக்கை எப்போதும் முழங்கைக்கு மேலே சுருட்டியிருக்கும். அந்தக் கை எப்போதும் ஈரமாக இருக்கும். பனி கொட்டும் மாரியில் பஸ்ஸுக்கு நின்றாலும் ஈரம்தான். அவருக்குக் கைகொடுத்தவர்கள் பிறகு ஒளித்துத் தங்கள் கையை மணந்து பார்ப்பார்கள். மழை பெய்த மண் மாதிரி ஒரு மணம். நல்ல மணம்தான். ஆனால் முழங்கால் அளவு பனிக்குள் அந்த மணம் எங்கேயிருந்து வருகிறது என்று ஒருவருக்கும் விளங்காது.

அவருடைய மோட்டர்களின் சத்தம் ஹீற்றர் குழாய் வழியாக எங்கள் வீட்டுக்கும் வரும். 'உம்ம்ம்' என்று, கனபேர் வாயை மூடிக்கொண்டு கதைப்பது போல. சின்ன வயதில் நான் அந்தக் குழாயில் காதை வைத்துக்கொண்டு படுப்பேன். "தள்ளிப் படு, சுடும்" என்பார் அம்மா. சுடத்தான் செய்தது. ஆனால் ஒருநாளைக்கு ஏதாவது ஒரு சொல் விளங்கும் என்று காத்திருந்தேன்.

நான் முதன்முதல் கீழே போனது ஒரு தைப்பொங்கலுக்கு, பொங்கல் கொடுக்க. அவருடைய யன்னலைப் பனி மூடியிருந்தது. பனிக்குள்ளால் வந்த வெளிச்சம் நீலமாக இருந்தது. தொட்டிகளுக்கு மேலே போர்வை போர்த்தியிருந்தது, காய்ச்சலில் கிடக்கும் வருத்தக்காரருக்குப் போர்த்துவது போல. ஒரு தொட்டிக்கு மட்டும் போர்வை இல்லை. அதற்குள் ஒரு கால் தொங்கியது.

தோல் நிறக் கால். பாதம் வீங்கியிருந்தது. தண்ணீரில் மெல்ல ஆடியது.

"பயப்பிடாதேயும் பிள்ளை. இறால்" என்றார் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"இறாலோ?"

"மனுசியின்ர ஸ்ரொக்கிங். அதுக்குள்ள இறாலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறன். அது அழுகோணும். அழுகினாத்தான் ஆக்கள் வருவினம்."

"அன்ரி எங்க அங்கிள்?"

"அவ உதைப் பாத்திட்டு மகளோட பியர்பொன்ட்ஸில போய் இருக்கிறா. ஸ்ரொக்கிங்கை விட்டிட்டுப் போட்டா."

"எந்த ஆக்கள் வருவினம்?"

ஈரக்கையால் அறை முழுவதையும் காட்டினார். தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. "மெல்லக் கதையும். சில ஆக்கள் இப்பதான் வந்து குந்தினவை. இன்னும் இடம் பிடிச்சு இருக்கேல்லை."

தட்டை வைத்துவிட்டு ஒரே ஓட்டம். மேலே வந்து, "அம்மா! கீழ ஆக்கள் இருக்கினம்!" என்று கத்தினேன்.

குசினிக்குள் இருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "எத்தினை பேராம்? பொங்கல் காணுமோ, போதாதோ?"

அந்த ஆக்கள் யார் என்று எனக்கு விளங்கப்படுத்தியது என் அண்ணா தீபன். அவனுக்குப் பயம் என்பது கிடையாது. அடுத்த நாளே கீழே போனவன், அதன் பிறகு பாதி நேரம் அங்கேதான். மீன் தண்ணிக்குள் இருந்துகொண்டே அதற்குள்ளேயே கழிக்கிறது, அந்தக் கழிவு நஞ்சாக மாறி மீனையே எரிக்கும், பஞ்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத நல்ல உயிர்கள் ஒட்டிக்கொண்டு அந்த நஞ்சைத் தின்னும், அவை குடிவந்த பிறகுதான் மீனை விடலாம் என்றான். பள்ளிக்கூடத்தில் இதைப் படிப்பித்திருப்பார்களோ தெரியாது. நான் அந்தப் பாடம் வருவதற்கு முன்னமே வெளியே வந்துவிட்டேன்.

வெறுந்தொட்டியரிடம் 'பக்டீரியா' என்று சொன்னால் கோபம் வரும். "பக்டீரியா எண்டா வருத்தம். இவை ஆக்கள்" என்பார். ஆக்களில் இரண்டு பகுதி. "முதல் ஷிஃப்ட் வந்து நஞ்சைத் தின்னும். ஆனா அவை விடுறதும் இன்னொரு நஞ்சு. ரெண்டாம் ஷிஃப்ட் வந்து அதைத் தின்ன வேணும். முதல் ஷிஃப்ட் கெதியா வந்திடும். ரெண்டாம் ஷிஃப்ட் எங்கட கலியாண வீட்டுச் சனம் மாதிரி. சொன்ன நேரத்துக்கு வராது."

இடையில் ஒருநாள் தொட்டித் தண்ணீர் பாலாக மாறும். அதைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் பயம். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நெருக்கியடித்துக்கொண்டு வெளியே பார்ப்பது போல இருக்கும். அவர் அதற்கு முன்னால் கதிரை போட்டு இருந்து, "உவை வேலைக்காரர் இல்லை. சும்மா விடுப்பு, வேடிக்கை பாக்க வந்த சனம். வேலை இல்லையெண்டால் போயிடுவினம்" என்பார். அது அப்படியே நடக்கும். ஒரு காலையில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். அவர் ஒரு சின்னக் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்து சொட்டவிட்டு, நிறம் பார்த்து, வெளியே வந்து படியில் நின்று அறிவிப்பார்: "ஆக்கள் வந்திட்டினம்!"

தெருவில் போகிறவர்கள் பொலிஸ் வந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

கட்டடச் சொந்தக்காரருக்கு இந்தக் கதை எப்படியோ போய்விட்டது. ஒருநாள் வந்து தொட்டிகளை உற்றுப் பார்த்து, மீன் எங்கே என்று பிரெஞ்சில் கேட்டார். வெறுந்தொட்டியருக்குத் தெரிந்த பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பா புவாசோன், மிஸ்யூ. லே ஜோன்" என்றார். மீன் இல்லை ஐயா, ஆக்கள்.

சொந்தக்காரர் முகம் மாறியது. ஒருவருக்கு விட்ட வீட்டில் எத்தனை பேரை வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"மிலியோன்" என்றார் இவர், சந்தோஷமாக.

அந்த மனிதர் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார், அலுமாரிகளைத் திறந்து பார்த்தார், கட்டிலுக்குக் கீழே குனிந்தும் பார்த்தார். வெறுந்தொட்டியர் பின்னாலேயே போய், "இருட்டிலதான் அவைக்கு விருப்பம், மிஸ்யூ" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணா போய் மொழிபெயர்த்திராவிட்டால் அன்றைக்கே சாமான்கள் நடைபாதைக்கு வந்திருக்கும்.

மேல்மாடி றோசலின் அன்ரி மன்னார்க்காரர், கோயிலும் செபமுமாக இருப்பவர். வெறுந்தொட்டியர் யாருக்கோ டெலிபோனில், "இல்லை, ஒருத்தரும் சாகேல்லை. எல்லாரும் பஞ்சுக்குள்ளதான் இருக்கினம்" என்று சொன்னது படிக்கட்டு வழியாக அன்ரியின் காதில் விழுந்துவிட்டது. தீர்த்தப் போத்தலோடு இறங்கினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று சிலுவை போட்டுப் போத்தலைத் தூக்கினார். வெறுந்தொட்டியர் பாய்ந்து வந்து இரண்டு கைகளையும் விரித்துத் தொட்டிகளை மறைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, தெளிக்காதேங்கோ!"

தீர்த்தத்துக்கு யார் பயப்படுவார்கள் என்று அன்ரிக்குத் தெரியும். என் கையை இறுக்கிப் பிடித்தார். "ஏன்? ஏன் தெளிக்கக் கூடாது?"

"உது பைப் தண்ணியோ?"

"ஆசீர்வதிச்ச தண்ணி!"

"ஆசீர்வதிச்சது சரி. குளோரின் எடுத்ததோ?"

அன்ரியின் கை அந்தரத்தில் நின்றது.

"குளோரின் பட்டா என்ர ஆக்கள் செத்திடுவினம். ஃபாதரிட்டைச் சொல்லுங்கோ, வாளியில பிடிச்சு ஒருநாள் வைச்சிட்டு ஆசீர்வதிக்கச் சொல்லி. அப்ப எனக்கும் கொஞ்சம் தாங்கோ."

இப்படிப்பட்ட மனிதன் ஏன் ஒரு மீன்கூட வளர்க்கவில்லை என்று நான் ஒருநாள் கேட்டேன். "மீன் சாகும் பிள்ளை" என்றார். அந்த வட்டாரத்தில் யார் புதிதாகத் தொட்டி வாங்கினாலும் இவரிடம் வந்து பழைய பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போவார்கள். அந்தத் துண்டில் ஆக்கள் இருப்பதால் புதுத் தொட்டிக்கு அவர்கள் கெதியாகப் பரவிவிடுவார்கள். கொடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே கட்டளைதான்: "கழுவிப் போடாதேங்கோ. ஊத்தை எண்டு நினைக்காதேங்கோ. ஊத்தைதான் அவையின்ர வீடு." அண்ணாவும் அப்படி ஒரு துண்டு வாங்கித்தான் தன் அறையில் தொட்டி வைத்தான்.

பிறகு ஒரு பங்குனியில் உறைமழை பெய்தது. மரங்கள் எல்லாம் கண்ணாடியாகி, கொப்புகள் முறிந்து வயரில் விழுந்து, கரண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டுக் குழாய் ஊமையாகியது. பிறந்ததில் இருந்து கேட்ட சத்தம் நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. தண்ணீர் ஓடாவிட்டால் ஆக்களுக்கு மூச்சில்லை. வெறுந்தொட்டியர் ஒரு கோப்பையால் தொட்டி தொட்டியாகத் தண்ணீரை மொண்டு பஞ்சில் ஊற்றிக்கொண்டே இருந்தார். அத்தனை தொட்டிக்கும் ஒரு மனிதன் எப்படிக் காணும்? அண்ணாவிடம் பற்றரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று இருந்ததால் அவன் தொட்டி தப்பியது.

கரண்ட் வந்த பிறகு வெறுந்தொட்டியர் தாடியோடு படியில் இருந்தார். "ஆக்கள் முழுப்பேரும் போட்டினம்" என்றார்.

றோசலின் அன்ரி ஓடிவந்தார். "ஐயோ அண்ணை! ஆர்?"

"எல்லாரும்."

"ஊரிலயோ?"

"இல்லை. கீழ."

அன்ரி ஒரு படி மேலே ஏறி நின்றார். ஆனாலும் ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். நாலு பேர் வந்து பக்கத்தில் இருந்துவிட்டுப் போனார்கள். செத்தவீட்டில் இருப்பது போலவே இருந்தார்கள், யார் செத்தது என்று தெரியாமல்.

அண்ணா மேலே போனான். தன் தொட்டிப் பஞ்சை எடுத்து, கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் கையாலேயே கிழித்தான். கோணல்மாணலாகக் கிழிந்தது. "இந்தாங்கோ அங்கிள். எங்கட ஆக்களில பாதிப் பேர்" என்றான். அவர் எழும்பி நின்று இரண்டு கையாலும் வாங்கினார். சில வாரத்தில் குழாய் மறுபடியும் முனகத் தொடங்கியது.

போன மாரியில் அண்ணா செத்துப்போனான். விடிய வேலைக்குக் காரில் போகும்போது, ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

செத்தவீட்டுக்கு வெறுந்தொட்டியர் வந்தார். கதவோரம் நின்றார். அவர் நின்ற இடத்தில் கம்பளம் ஈரமாக இருந்தது.

அண்ணாவின் அறையை அம்மா பூட்டிவைத்தார். நான்தான் போய் மீனுக்குச் சாப்பாடு போடுவேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் அவன் தொட்டி முனகும். வாயை மூடிக்கொண்டு யாரோ கதைக்கிற அதே சத்தம். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து துடக்குத் தீட்டுக் கழிக்க வேண்டும் என்று அம்மா வீடு முழுக்கக் கழுவினார். அண்ணாவின் அறையையும் திறந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். தொட்டிக்குள் பஞ்சு மண்ணிறத்தில் வழுவழு என்று இருந்திருக்கிறது. 'என்ர பிள்ளையின்ர தொட்டி இப்பிடி ஊத்தையாக் கிடக்கலாமோ' என்று அதை எடுத்து, சுடுதண்ணியும் குளோரின் மணக்கும் ஜாவெலும் போட்டு, வெள்ளை வெளேர் என்று வரும்வரைக்கும் உரஞ்சியிருக்கிறார். தொட்டித் தண்ணியை ஊற்றிவிட்டுப் பைப் தண்ணி நிரப்பி, வீட்டுக்குத் தெளித்த மஞ்சள் தண்ணியில் கொஞ்சம் அதற்குள்ளும் விட்டிருக்கிறார். நான் வந்தபோது, அண்ணா போன பிறகு முதல் தடவையாக அம்மாவின் முகத்தில் ஒரு ஆறுதல் இருந்தது. அதனால் எனக்கும் நல்லதாகத்தான் பட்டது; கழுவக் கூடாது என்ற கட்டளை நினைவுக்கே வரவில்லை.

பிறகு மீன்கள் சாகத் தொடங்கின. முதலில் கோடுபோட்ட சின்ன மீன்கள். பிறகு சிவப்பு மீன்கள். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. கறுவல். கொழுத்த கறுப்பு மீன், அண்ணா விரலை விட்டால் வந்து சப்பும். அது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, ஏதோ சொல்ல வருவது போல.

அம்மா தொட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை.

"அவன்தான் பிள்ளை" என்றார் என்னைப் பார்க்காமல். "ஒவ்வொண்டா வந்து கூட்டிக்கொண்டு போறான். கறுவலையும் கேக்கிறான்."

"அம்மா, விசர்க்கதை கதையாதேங்கோ."

"கறுவலுக்குப் பிறகு ஆர் எண்டு எனக்குத் தெரியும். போகட்டும். அவனுக்குத் தனிய இருக்கப் பயமா இருக்கும்."

அண்ணாவுக்குப் பயம் என்பதே கிடையாது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அறையில் அப்போது நான் நம்பினேன், அவன் வந்து நிற்கிறான் என்று. கீழே ஓடினேன்.

வெறுந்தொட்டியர் வந்தார். குனிந்து தண்ணீரை மணந்தார். மூடியைத் திறந்து பஞ்சைப் பார்த்தார். வெள்ளைப் பஞ்சு.

"ஆக்களைக் கொன்றுபோட்டினம்" என்றார். "ஆர் கொன்றது?"

அம்மா மெல்லத் திரும்பினார். "என்ன அண்ணை சொல்லுறியள்?"

அப்போதுதான் அந்தக் கட்டளை எனக்கு நினைவு வந்தது. இந்த மனிதன் கட்டடச் சொந்தக்காரருக்கே பொய் சொல்லத் தெரியாமல் மாட்டியவர். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுவார். அம்மா மடியில் வைத்திருந்த கைகளை அவர் பார்த்தார். ஜாவெல் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"இல்லைத் தங்கச்சி" என்றார் பிறகு. "நான் பிழையாச் சொல்லிப்போட்டன். ஆக்கள் கீழ என்ர வீட்டை வந்திட்டினம். உங்கட பெடியனைக் காணேல்லை எண்டு தேடி வந்தவை. எனக்குச் சொல்ல மறந்து போச்சு. கறுவலை ஒருத்தரும் கூப்பிடேல்லை. ஆக்கள் இல்லாமத்தான் அதுக்கு ஏலாமக் கிடக்கு. இருங்கோ, கூட்டிக்கொண்டு வாறன்."

என்னைத் தண்ணி வாளிகள் தூக்கக் கூப்பிட்டுக்கொண்டு போனார். வரும்போது ஒரு சூப்புச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிந்தாமல், ஒவ்வொரு படியாக ஏறினார். எதிரே வந்த றோசலின் அன்ரி என்ன ஏது என்று தெரியாமலே சுவரோடு ஒதுங்கிச் சிலுவை போட்டார்.

தொட்டித் தண்ணீரில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு, குளோரின் போன தண்ணீரை ஊற்றினார். பிறகு சட்டியைத் திறந்தார். மண்ணிறமாக ஒரு பாதிப் பஞ்சு. "இது தீபன் தந்தது. அவன்ர தொட்டியில இருந்த அதே ஆக்கள்" என்றார். அம்மா கழுவிய வெள்ளைப் பாதியையும் அவரே எடுத்து அதற்குப் பக்கத்தில் பிடித்தார். அண்ணா பொறுமையில்லாமல் கிழித்த கோணல்மாணல் இரண்டிலும் இருந்தது. மேடு பள்ளத்துக்குள் போய் இருந்தது.

அம்மா கையை நீட்டி ஊத்தைப் பாதியைத் தொட்டார். அமத்திப் பார்த்தார். விரலிடுக்கால் மண்ணிறத் தண்ணி வழிந்தது. கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார். மழை பெய்த மண். அண்ணாவின் சேர்ட்டிலும் அந்த மணம்தான் இருக்கும்.

வெறுந்தொட்டியர் இரண்டு பாதியையும் ஒட்டி மோட்டருக்குள் வைத்தார். அது முனகத் தொடங்கியது. வெளிச்சம் படும் பக்கத்துக்கு அண்ணாவின் ஜக்கெற்றை எடுத்துப் போர்த்திவிட்டார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுதுபடும் நேரத்தில் கறுவல் வாயை மூடிக்கொண்டு மெல்ல அடிக்கு நீந்திப் போனது. அம்மா எழும்பிப் போய்க் கையைக் கழுவினார், சோறு சாப்பிட.

வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது படியில் வைத்துக் கேட்டேன். "அங்கிள், உண்மையாவே ஆக்கள் அண்ணாவைத் தேடி வந்தவையோ?"

"விசரோ உமக்கு? உங்கட அம்மா ஜாவெல் போட்டு அவ்வளவு பேரையும் முடிச்சுப்போட்டா." ஈரக்கையால் கண்ணைத் துடைத்தார். "மேல சொல்லிப்போடாதேயும்."

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. சட்டியில் ஒரு கறை இருந்தால் படுக்கப் போகாத அம்மா, ஊத்தை வரட்டும் என்று காத்திருந்தார். விடிந்ததும் ஜக்கெற்றைத் தூக்கிப் பஞ்சைப் பார்ப்பார். "இன்னும் வெள்ளையாத்தான் கிடக்கு" என்று கவலைப்படுவார். ஒருநாள், "பிள்ளை! ஓடி வா! ஊத்தை வருது!" என்று கத்தினார். தெருவுக்கே கேட்டிருக்கும். கிழிந்த விளிம்பில் இருந்து தேத்தண்ணி நிறம் வெள்ளைப் பாதிக்குள் இறங்கியிருந்தது. இப்போது எந்த இடத்தில் ஒட்டினது என்று கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் கோடையில் மனைவி வெறுந்தொட்டியரைப் பியர்பொன்ட்ஸுக்கு வரச் சொல்லிவிட்டார். ஒரு தொட்டியும் வரக்கூடாது, ஒரு பஞ்சும் வரக்கூடாது என்ற ஒப்பந்தத்தில். தொட்டிகளை ஆளாளுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு மோட்டராக நிற்பாட்டினார். மகளின் காரில் ஏறும்போது அவர் சட்டைக்கை இறங்கி, பட்டன் பூட்டியிருந்தது. கை காய்ந்திருந்தது. அண்ணாவின் சவப்பெட்டிக்கு முன்னால் வராத அழுகை எனக்கு அந்தக் காய்ந்த கையைப் பார்த்து வந்தது.

ஹீற்றர் குழாயில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. அண்ணாவின் அறையில் மட்டும் இருக்கிறது. கதவைப் பூட்டுவதில்லை.

வெறுந்தொட்டியர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு டெலிபோன் எடுப்பார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எடுத்தவுடன் ஒரே கேள்விதான். "வீட்டில ஆக்கள் எல்லாரும் சுகமோ?"

போன ஞாயிறு நான் வாய் திறப்பதற்குள், தொட்டிக்கு முன்னால் இருந்த அம்மா அங்கேயிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார்:

"எல்லாரும் இருக்கினம் அண்ணை. உங்களைத்தான் காணேல்லை."